தேரிக்கு வழி

ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் சரி என்றிருந்தேன்.
எட்டரைக்கு வேனோடு வந்தான் தளவாய்,
யாருடையதோ கல்யாணப் பூ கண்ணாடியில் கருகித் தொங்க.
முன்சீட்டில் அத்தாஹிர்.
தலையையும் முகத்தையும் சுற்றிய நீலத்துணி,
அதன்மேல் கண்ணாஸ்பத்திரியில் தந்த கறுப்புக் கண்ணாடி.
இருபது நாள் தூசி ஆகாது என்றிருந்தார் டாக்டர்.
இன்று இருபத்தொன்று. கார்த்திகைக் கடைசி.

அன்று இவன் வழிகாட்டி.
நான் பின்சீட்டில், பம்புசெட் மாட்டப் போன
சாத்தான்குளத்து மெக்கானிக்.
பமாக்கோவில் ஏற்றினான்.
செகூவில் கம்பங்களி வாங்கித் தந்தான்.
ஜென்னேயில் மண் பள்ளிவாசலைக் காட்டி
வருஷாவருஷம் ஊரே சேர்ந்து பூசும் என்றான்.
மொப்தித் துறையில் கருவாட்டு வாடை அடித்து
எனக்குத் தொண்டை அடைத்தபோது
ஒன்றும் கேட்காமல்
வண்டியைக் கொஞ்ச நேரம் சும்மா நிறுத்தினான்.
திம்புக்துவுக்கு அப்பால் ரோடு கிடையாது.
அங்கே ஒட்டகங்கள் வட்டமிட, நடுவே பெண்கள்
உரலுக்குத் தோல் கட்டி அடித்தார்கள்.
நம் உரல்தான். விடியும்வரை கித்தார்.

"இப்போது அந்தத் திருவிழா இல்லை.
துப்பாக்கி வந்து உட்கார்ந்துகொண்டது."
செய்துங்கநல்லூர் ரயில்வே கேட்டில் சொன்னான்.
கேட் திறந்தது.

இன்று என் முறை.
கருங்குளத்துக் குன்றைக் காட்டினேன்,
ஸ்ரீவைகுண்டத்தில் கோபுரத்தைக் காட்டினேன்.
அவன் பார்த்ததெல்லாம் எதிர்ப்பக்கம்:
வாய்க்கால், வாழைக்குள் நிற்கும் தண்ணீர்,
மறுபடி வாய்க்கால்.
அங்கே ஒரு கிணற்றுக்கும் மறு கிணற்றுக்கும்
எத்தனை நாள் என்று விரல் மடக்கியவன்,
இங்கே விரல் போதாமல் கையை மடியில் போட்டுக்கொண்டான்.
"இது யாருடைய தண்ணீர்?"
எல்லோருக்கும் என்றேன்.
கடம்பாகுளத்துப் பாசனக்காரன் தளவாய்
ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான்:
"எல்லாருக்குமாம்லா!"

ஆழ்வார்திருநகரியில் டீ.
குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான், பிறகு இன்னொன்று.
"மூணாவது ஆருக்கு அண்ணாச்சி?"
மூன்று குடிக்காமல் எழுந்தால்
வீட்டுக்காரருக்கு வருத்தம் அவன் ஊரில் என்றேன்.
கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவதில் சீனியை அள்ளிப் போட்டார்.

காயாமொழி தாண்டியதும் மண் சிவந்தது.
பனை, கொல்லாமரம், உடை, மீதியெல்லாம் சிவப்பு.
இதற்காகத்தான் கூட்டி வந்தேன்.
"எங்கள் பாலைவனம்" என்றேன், கையை நீட்டி.
செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்தவைத்தான்.
முழங்கை மறையும்வரை தோண்டினான்.
வெளியே வந்த கையில் ஈரம்.
"இது கிணறு," என்றான்.
"நீங்கள் மூடி வைத்திருக்கிறீர்கள்."

அய்யனார் கோயில் பின்னால் தேரியெல்லாம் தலை.
அருவாள் இறங்கியது.
இளநீர் சிதறி மண்ணில் விழ,
அத்தனை பேரும் ஒரே குனியலாய்க் குனிந்து
நனைந்த மண்ணுக்குப் பாய்ந்தார்கள்.
"யாரை வெட்டினார்கள்?"
கள்ளனை.
"கள்ளன் எங்கே?"
அந்த இளநீர்தான்.
வெகுநேரம் பேசாமல் நின்றான்.
"எங்களிடம் இந்த யோசனை இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தான்.
முடிக்கவில்லை.

பிறகு அவனும் கூட்டத்துக்குள் இறங்கினான்.
ஒரு பிடி கிடைத்தது. முடிந்துகொள்ள வேறு துணி இல்லை.
முகத்துச் சுற்றை அவிழ்த்து முந்தியில் முடிந்தான்.
பதினாறு நாள் கூடவே அலைந்தும் நான் பார்க்காத தாடை,
நரைத்த மீசை, கீழுதட்டில் ஒரு பழைய தழும்பு.
நான் பனைமரத்தைப் பார்த்தேன்.

நாலு மணிச் சொட்டு மருந்து நினைவு வந்தது.
கூட்டம் இடித்துக்கொண்டு போக
அண்ணாந்து நின்றான். கண்ணுக்கு ஒரு சொட்டு.
என் கைதான் நடுங்கியது.

திரும்பும்போது தளவாய்க்கு ஒரே கவலை.
"சீட்டெல்லாம் நீலம் பிடிச்சிட்டுவே.
கவருக்கு எவன் துட்டு தருவான்?"