சீலிங்கில் ஓர் ஆடு

மடிப்பாக்கத்தில், அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில்
முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, பதினேழு பேர்.
வெள்ளைச் சுவரில் என் மூன்றாம் ஸ்லைடு:
ஒட்டும் திறன், நீர் புகாத் தன்மை, ஐந்தாண்டு உத்தரவாதம்.
சங்கச் செயலாளர் கோதண்டபாணி
வடையை எண்ணிக்கொண்டிருந்தார்.
பின்வரிசையில் யாரோ கொசு அடித்தார்கள்.
அன்று எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான்.

ஏழாம் ஸ்லைடில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும் என்றார் வாட்ச்மேன்.
யாரும் எழுந்து போகவில்லை,
வடை இன்னும் பரிமாறப்படவில்லை.
இருட்டில் சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது.
ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்:

பெரம்பூரில் எங்கள் வாடகை வீட்டில்
கட்டிலுக்கு நேர் மேலே ஓர் ஈரக் கறை.
முதல் மழைக்கு எலுமிச்சம்பழ அளவு.
தீபாவளி வாக்கில் ஆட்டுத் தலை.
கார்த்திகையில் கொம்பு முளைத்தது.
என் மகள் அதற்குச் சின்னான் என்று பெயர் வைத்தாள்.
விளக்கணைக்குமுன் அவனுக்கும் ஒரு குட்நைட்.
ஒருநாள் அவள் கணக்கு நோட்டில் சொட்டிவிட்டான்.
"அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு பிடிக்கலைம்மா" என்றாள்.

அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இருட்டில் ஒரு சிரிப்பு.
பிறகு ஒரு குரல்: எங்க வீட்ல பூஜை ரூம்ல.
இன்னொன்று: எங்களுக்கு பீரோ பின்னாடி,
கல்யாணப் பட்டெல்லாம் பூஞ்சை.
இரண்டாம் மாடி ஜெசிந்தா சொன்னார்,
மேல்வீட்டோடு நாலு வருஷமாய்ப் பேச்சில்லை,
ஒரு பாத்ரூம் குழாயால்.
மேல்வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார்.
இருமினார்.
"டைல்ஸ் உடைக்காம முடியுமாம்மா?" என்று
என்னைக் கேட்டார், அவருக்குக் கேட்கும்படி.

கரண்ட் வந்தபோது யாரும் சுவரைப் பார்க்கவில்லை.
எட்டாம் ஸ்லைடு தானாக ஒளிர்ந்து
தானாக அணைந்தது.
நாற்பத்திரண்டு டப்பா, முன்பணத்துடன்.
மீந்த வடை ஏழும் எனக்கு.

திங்கட்கிழமை கிண்டி ஆபீசில்
நவநீதன் சார் "அதைத் திரும்பச் சொல்லு" என்றார்.
சொன்னேன். எழுதிக்கொண்டார்.
ஆடு வேண்டாம், யானை வை,
யானை எல்லாருக்கும் பிடிக்கும் என்றார்.
இப்போது பதினொரு பேர்
போரூரில், ஆவடியில், சோழிங்கநல்லூரில்
"எங்க வீட்டு சீலிங்ல ஒரு யானை" என்று ஆரம்பிக்கிறார்கள்.
கல்யாணமே ஆகாத ஜெயசிம்மனுக்கு
வாய்ப்பாடு படிக்கும் மகள் இருக்கிறாள்.

விற்கிறதா? ஏதோ விற்கிறது.
ஆனால் யாரும் பீரோவைப் பற்றிப் பேசுவதில்லையாம்.
"ஏன்னு தெரியலக்கா" என்றான் ஜெயசிம்மன்.
கதை முடிந்ததும் என்ன செய்வாய் என்று கேட்டேன்.
"உடனே விலைப்பட்டியல் குடுத்துடுவேன்."
நான் அன்று என்ன செய்தேன்?
செய்வதறியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.
அதை நவநீதன் சார் எழுதிக்கொள்ளவில்லை.

நேற்று ஜெசிந்தா போன் செய்தார்.
கசிவு நின்றுவிட்டதாம்.
மேல்வீட்டிலிருந்து ஒரு தூக்குப் பாயசம் வந்ததாம்,
சர்க்கரை தூக்கல், இருந்தாலும் குடித்தாராம்.
"அது சரி, உங்க சின்னான் என்ன ஆனான்?"

கட்டிலுக்கு அடியில் மூன்று டப்பா இருக்கிறது,
ஊழியர் சலுகையில் வாங்கியது, சீல் உடைக்காதது.
மழை விடட்டும், வீட்டுக்காரரைக் கேட்கணும் என்பது
எனக்கு நானே விற்றுக்கொண்டிருக்கும் கதை.
பிழைப்பு நடத்தும் ஆட்டை
யார் பூசி மூடுவார்கள்?
நிமிர்ந்து பார்த்தேன்.
கொம்பு மின்விசிறி வரை வந்துவிட்டது.

"இருக்கான்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"சனிக்கிழமை வர்றேன்" என்றார் ஜெசிந்தா.
"பிரஷ் வச்சிருக்கீங்களா,
நான் கொண்டாரட்டுமா?"