நான்காவது ஆள்

கன்கலில் அந்தப் பால்குன மாதம்
எங்கள் ஐந்து பேரையும் சுண்ணாம்புச் சுவரோரம்
வரிசையாக உட்காரவைத்தாள் குமுதினி வாக்ளே.
ஆசாரியர் சம்மதித்தது
கோசாலைக் கூரைக்கு அவள் நீட்டிய நாற்பது ரூபாய்க்கு.
படத்தின் கீழே ஒட்டிய அட்டையில்
அது இல்லை.

தேவகிநந்தனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு.
அந்த முகத்தைத்தான் இப்போது
தவத்தின் வாட்டம் என்கிறார்கள்.
புவனுக்கு முதுகில் பூணூல் உரசும் இடத்தில் படை.
மஞ்சளும் காவியுமாய் ஒரே தீற்றலில் அதை முடித்துவிட்டாள்,
பார்க்கிறவர்களுக்கு மாலை வெயில்.
அசையாதிருந்தால் பேடா உண்டு என்றதும்
கன்ஷியாம் மூச்சைக்கூட நிறுத்திப் பார்த்தான்.
பேடா வரவில்லை.

நான்காவது நான்.
குனிந்த கண்.
அருங்காட்சியகத்தின் வழிகாட்டிப் பெண்
பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்கிறாள்:
புலன்களை உள்ளே இழுத்துக்கொண்ட ஆமை மாதிரி, பாருங்கள்.

ஆமைக்குத் தெரியும் என்ன பார்த்தேன் என்று.
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுதான் வரைவாள்.
இடது பாதத்தில், கட்டைவிரலுக்குச் சற்று மேலே,
தூரிகையிலிருந்து விழுந்த சிவப்பு ஒரு சொட்டு.
அவளுக்குத் தெரியாது.
அது ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டே வந்தது.
சந்தியாவந்தனத்தில் கண்மூடினால்
அங்கேயும் அதுதான்.
மூன்றாம் நாள் கழுவிக்கொண்டு வந்தாள்.
நான் நிமிர்ந்தேன்.
"குனி" என்றாள்.
அவள் என்னிடம் பேசியது அவ்வளவே.

பிறகு சஹாரன்பூர் சரக்கு அலுவலகம்,
முப்பத்தொரு வருடம், கல்யாணம், மூன்று பிள்ளைகள்,
மூத்தவளுக்கு மூக்குக் கண்ணாடி.
இவர்கள் யாருக்கும் தெரியாமல்
நான் இங்கே சுவரில்
பிரம்மசாரியாகவே இருக்கிறேன்.

ஐந்தாமவனை மறந்துவிட்டேனே, திரிபுராரி.
இரண்டாம் நாள் விடியுமுன்
லாரி ஏறி ஓடிப்போனான்,
மீரட்டில் சர்க்கரை ஆலை என்று பேச்சு.
அவன் இருந்த இடத்தில்
ஒரு கொடி கட்டி
ஈர வேட்டியைத் தொங்கவிட்டிருக்கிறாள்.
இந்தப் படத்தில் நன்றாக வந்திருப்பது அதுதான்:
காற்று தெரிகிறது.

கயிற்றைத் தாண்டிச் சாய்ந்து
மூலைமூலையாய்ச் சிவப்பைத் தேடினேன்.
என் முழங்காலருகே ஒரு புள்ளி.
கண்புரையோ, வர்ணமோ,
அவள் போட்டதோ, சிந்தியதோ.

"தள்ளி நில்லுங்க, தாத்தா" என்றான் காவலாளி.
நின்றேன்.
குனிந்துதான்.