வரவில்லை

ஐந்தே முக்காலுக்கு வண்டி வந்தது.
ஷெனூடாவின் இருக்கையில் அவர் தங்கை மகன்.
மாமாவுக்குக் கண்வலி என்றான்,
தானே குத்திவிட்டவன் போல.

பதினொரு பேர். ஒரே நிறத்தில் பதினொரு தொப்பி.
மேற்குக் கரை, மதியச் சாப்பாடு, கிழக்குக் கரை.
மூவாயிரம் வருடத்தை
ஏழு மணிக்குள் விடுதியில் இறக்கிவிட வேண்டும்.

மன்னர்களின் பள்ளத்தாக்கில்
வழிகாட்டிகள் உள்ளே பேசக் கூடாது.
கூட்டம் நின்றுவிடுகிறதாம், சுவர் வியர்க்கிறதாம்.
அதனால் வெளியே, கூரை நிழலில்,
படங்களை விரித்து எல்லாம் சொல்லி முடித்துவிடுவேன்:
இவர் நரித்தலைக் கடவுள், இது தராசு,
இந்தத் தட்டில் இதயம், அந்தத் தட்டில் இறகு.
அவர்கள் இறங்கிப் போவார்கள்.
நான் எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பேன்.
வேலைக்குச் சேர்ந்த வருடம் உள்ளே போனது.
இப்போது அந்த நீலத்தை நானும்
என் வாயிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

பிரபுக்களின் கல்லறைகளில் இன்று மின்சாரம் இல்லை.
காவலர் பதாவி வாசலில் குந்தி
கண்ணாடியைச் சாய்த்தார்.
வெயில் உள்ளே போய்
வளைவில் நிறுத்திய தகர அட்டையில் மோதித் திரும்பி
திராட்சை பறிக்கிற ஒருத்தியின் முழங்கையில் விழுந்தது.
"கொஞ்சம் இடப்பக்கம்," உள்ளிருந்து ஒரு குரல்.
அவர் பார்க்காமலே சாய்த்தார். ஐம்பது பவுண்டு.

இந்தக் குன்றில்தான் என் அம்மா பிறந்த வீடு.
கூடத்துக்கு அடியில் ஒரு பிரபு படுத்திருந்தார்.
வீட்டை இடித்தாயிற்று.
பிரபு மட்டும் இருக்கிறார், நுழைவுச்சீட்டோடு.

பிறகு, கல்லறை வெட்டியவர்களின் குடியிருப்பு.
இங்கே பேசலாம்.
கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற தெரு.
அவர்களின் வருகைப் பதிவு கிடைத்திருக்கிறது,
சுண்ணாம்புக் கல்லில்.
தேதி கறுப்பு மையில்,
வராத காரணம் அதன் தலைக்கு மேலே சிவப்பில்:

தேள் கொட்டியது.
பீர் காய்ச்சினான்.
கண்வலி.

பீருக்குச் சிரிப்பார்கள், எப்போதும்.
அதற்கென்று ஒரு மூச்சு இடம் விட்டுவைத்திருக்கிறேன்.
கண்வலிக்கு இன்று நானே சிரித்தேன்,
வண்டியைத் திரும்பிப் பார்த்து.
அடுத்த வரியைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடமாகச் சொல்கிற வரி.
நாக்கு அதன் முன்னால் வந்து நின்றது,
படகுத்துறையில் சில்லறை தேடுகிறவனைப் போல.
போகலாம், பஸ்ஸில் குளிர்ச்சியாக இருக்கும் என்றேன்.

கார்னாக்கில் நூற்று முப்பத்து நான்கு தூண்.
எண்ணிவிட்டு வந்த ஒருவர்
நூற்று முப்பத்து மூன்றுதான் என்று வாதாடினார்.
ஒருவருக்கு மயக்கம். ஒருவர் தொப்பியைத் தொலைத்தார்.
கல் வண்டை ஏழு முறை சுற்றினால்
நினைத்தது நடக்கும் என்றேன்.
அதைச் சொல்லவும் சேர்த்துத்தான் சம்பளம்.
சுற்றினார்கள். தொலைத்தவர் பதினான்கு முறை.

லக்சோர் கோயிலில் அந்தி.
தூண்களின் தோள்மேல் ஒரு மசூதி,
அதன் பழைய கதவு அந்தரத்தில்.
மண் அவ்வளவு உயரம் நின்ற காலத்து வாசல்.
மண்ணை அள்ளியவர்கள் படி வைக்கவில்லை.
"இப்போது யார் அதன் வழியாக வருவார்கள்?"
தொப்பி இல்லாதவர்தான் கேட்டார்.
நல்லவேளை, பாங்கு தொடங்கியது.

அலுவலகத்தில் பதிவேட்டை எடுத்தேன்.
ஷெனூடா, ஓட்டுநர்: கண்வலி.
சிவப்புப் பேனா கிடைக்கவில்லை.
நான்கு பக்கம் முன்னால் என் கையெழுத்து:
நெர்மீன், மூன்று நாள், சொந்த வேலை.

சொந்த வேலை.
வெந்நீர், கற்பூரம், ஐந்து துண்டு வெள்ளைப் பருத்தி.
அம்மாவின் கால் கட்டைவிரல் அடங்காமல்
இரண்டு தரம் வெளியே வந்தது.

அந்தக் கல்லில் கணக்கெழுதியவன் கூசவில்லை,
மூன்றே சொல்:
தாயைத் துணியில் சுற்றினான்.

அடித்துத் திருத்தலாமா என்று பேனாவைத் திறந்தேன்.
விளக்கணைக்கக் காத்திருந்த வஹ்பா
சாவிக்கொத்தை ஆட்டினார்.
நாளைக்கு இருபத்து மூன்று பேர், என்றார்,
பலூன் வேறு ஏறுகிறார்களாம்,
நாலரைக்கே வந்துவிடு.