மூன்று கொதி

ஒரு கொதி போதாதென்று
மூன்று கொதி விடுவேன்.
பாத்திரத்தின் பாதிக்கு இறங்கிவிடும் தண்ணீர்.
ஆறவைத்து, பால்மாவு கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து...
ஐந்து வாரத்து ஸிக்ரிட்
கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள்.

விஸ்கான்சினில், மணல்பூமி.
சுற்றிலும் சோளமும் உருளைக்கிழங்கும்.
நாற்பத்திரண்டு அடிக் கிணறு,
ஆர்லெனின் அப்பா காலத்தில் இறக்கிய இரும்புக் குழாய்.
அன்றைக்குப் பூதம் எதுவும் கிளம்பவில்லையாம்.
தண்ணீர்தான் வந்தது, பல் கூசும் குளிர்ச்சியாக,
கண்ணாடி மாதிரி.

அந்தக் கண்ணாடியைத்தான் நம்பினோம்.

பிப்ரவரியில் ஓர் இரவு அவள் உதட்டோரம்
பென்சில் கோடு போலச் சாம்பல் நிறம்.
விளக்கின் கோளாறு என்றேன்.
வேறு விளக்கின் கீழே கொண்டுபோனேன்.
மூன்றாவது விளக்கின் கீழே
கார்ச் சாவியைத் தேடத் தொடங்கினேன்.

மருத்துவர் ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.
"வீட்டில் தண்ணீர் எங்கிருந்து?"
"கிணறு. ஆனால் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். மூன்று கொதி."
பெருமையாகவே சொல்லியிருப்பேன்.
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

கிருமியாக இருந்தால் செத்திருக்கும்.
இது நைட்ரேட்.
உயிரில்லாததை எந்த அடுப்பில் கொல்வது?
ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும்.
சூப்பு சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பதுபோல்
நானேதான் கூட்டிக் கூட்டி
அவள் வாயில் வைத்திருக்கிறேன்,
அவ்வளவு அக்கறையோடு.

மாவட்ட அலுவலகத்திலிருந்து பெவ் ஹாண்ட்கே வந்தாள்,
ஒரு ஐஸ் பெட்டி, நான்கு சிறு புட்டிகள்.
ஐந்து நிமிடம் குழாயை ஓடவிடச் சொன்னாள்.
துக்கவீட்டில் நிற்பதுபோல் மூவரும் நின்று
ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் இருக்கிறதே," என்றான் ஆர்லென்.
"அது சுண்ணாம்பைப் பிடிக்கும்."
"கரி வடிகட்டிக் குடுவை?"
"அது வாடையைப் பிடிக்கும்."
பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

தாள் வந்தது. பத்துக்குமேல் கூடாது.
எங்களுடையது இருபத்தேழு.

ஆர்லென் அதை மேசையில் வைத்து
பக்கத்தில் தன் உரக்கணக்கு நோட்டைத் திறந்தான்.
ஏக்கருக்கு இவ்வளவு. மழை கழுவியது என்று மறுபடி இவ்வளவு.
கழுவியது எங்கே போயிற்று?
இருபது அறுவடைகளாக யாரும் எழுதாத அந்த வரியை
விரலால் தேடிக்கொண்டிருந்தான்.
"முழுக்க நம்முடையது இல்லை," என்றான்.
சாலைக்கு அந்தப்புறம் பால்பண்ணையின் சாணக்குளம் இருக்கிறது, உண்மைதான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நம்முடையதும் உண்டு."

இன்று குடிப்பது இன்று பெய்த மழை இல்லை என்றாள் பெவ்.
எங்களுக்குக் கல்யாணமான ஆண்டு பெய்ததாக இருக்கலாம்.
அந்த ஆண்டு சோளம் நல்ல விளைச்சல்.
இந்தச் சமையலறையே அந்தப் பணத்தில் கட்டியது.

பாத்திரத் தொட்டிக்கு அடியில் இப்போது ஒரு சவ்வு வடிகட்டி
இருட்டில் முனகிக்கொண்டிருக்கிறது.
ஒரு பங்கு தந்து மூன்று பங்கை வெளியே தள்ளும்.
வெளியே என்றால் எங்கே,
மறுபடி மணலுக்குத்தான்.
புதுக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்குகிறது.
ஒரு புட்டி நிறைவதற்குள்
அவள் அழுது, ஓய்ந்து, மறுபடி அழுவாள்.
உதடு சிவந்துவிட்டது. அழுகையும் நல்ல கனம்.

கிழங்கு எடுத்த நிலத்தை இந்த முறை வெறுமனே விடவில்லை.
குளிருக்கு முன்பே ரை விதைத்தான்,
மிச்சத்தை வேர்கள் உறிஞ்சட்டும் என்று.
"கிணற்றில் எப்போது குறையும்?"
பெவ் தோளைக் குலுக்கினாள்.
"இவள் பள்ளிக்கூடம் முடிக்கும்போது. ஒருவேளை."

நாய்க்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.
பதில் பேசாமல் குனிந்து
அதன் கிண்ணத்தைப் புதுக் குழாயில் பிடித்து வைத்தான்.
காத்திருந்தான், அது நிறையும்வரை.
பிறகு பழைய குழாயைத் திறந்து
தன் கோப்பையை ஒரே நொடியில் நிரப்பி
நின்றபடியே குடித்தான்,
ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு.