முதல் மழை நமக்கில்லை

எட்டு மாதம் பதினோரு நாள் கழித்து
கூரையில் ஏதோ நடந்தது.
ஆடுதான் மறுபடி ஏறிவிட்டது என்று
புரண்டு படுத்தேன்.
ஓடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தபோதுதான்
எழுந்து ஓடினேன்.

எனக்கு முன்னால் வால்டெனிசி வெளியே நிற்கிறாள்,
இரவு உடுப்பு உடம்போடு ஒட்டிக்கிடக்க,
தொட்டிக்குப் போகும் குழாயைப்
பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு.

பைத்தியமா உனக்கு, என்றேன்.
கூரையைக் கேள், என்றாள்.

கூரை என்ன சொல்லும்?
எட்டு மாதப் புழுதி. பல்லி எச்சம்.
பிணந்தின்னிக் கழுகு உட்கார்ந்து போன இடம்.
முள்மரங்கள் உதிர்த்த பொடி இலை.
ஒரு வௌவாலும் உண்டு;
செப்டம்பரிலேயே பார்த்தேன்,
ஏணி வைக்கச் சோம்பல், சொல்லாமல் விட்டேன்.
அத்தனையும் காப்பி நிறத்தில் இறங்கி
என் காலடியில் கொட்டியது.

கொட்டியது தண்ணீர். அதைத்தான் சொல்கிறேன்.
பிரேசிலின் இந்த வறண்ட மூலையில்
ஒரு மனிதன் தன் கால்விரல்களுக்கிடையே
தண்ணீர் ஓடிப் போவதைப்
பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதாவது!

தொட்டி அவள் கட்டியது.
பக்கத்து ஊர்ப் பெண்கள் நான்கு பேரும் அவளும்
பலகை பலகையாய் சிமெண்டு வார்த்து,
வளைத்து நிறுத்தி, கம்பி சுற்றி.
நான் சுண்ணாம்பு கரைத்தேன்.
பதினாறாயிரம் லிட்டர்: குடிக்க, சமைக்க, அவ்வளவே.
துணிக்கும் குளியலுக்கும் குட்டைச் சேறு இருக்கிறது.
அதற்கு முன்பெல்லாம் லாரி வரும்;
லாரியோடு ஒரு வேட்பாளரின் சிரிப்பும் வரும்.
யாருக்கு ஓட்டு என்று ஓட்டுநர் கேட்பான்,
குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டே.
தொட்டி நிறைந்த வருடம்
அவனிடம் அவள் சொன்ன பதிலை
இங்கே எழுத முடியாது.

கொண்டு வா, என்றாள் இப்போது, எது இருக்கிறதோ அதை.
வாளி, பீன்ஸ் பானை, குழந்தையின் குளியல் தொட்டி.
அழுக்குத் தண்ணீர் அழுக்கு வாய்களுக்கு:
ஆட்டுக்கு ஒன்று, வெங்காயத் தாளுக்கு ஒன்று.
செத்துப்போன ஃபிரிட்ஜை மல்லாத்தி மண் நிரப்பியிருந்தோம்,
அதற்குள் கொத்தமல்லி.
அதன் மேல் ஒரு பானையைக் கவிழ்த்தேன்.
இருட்டிலும் அந்த வாசனை எழுந்து வந்தது,
என் கோபத்துக்கு இடைஞ்சலாக.

குழாய்வாயில் கையேந்திப் பார்த்தாள்,
முகர்ந்தாள், நாக்கில் வைத்தாள்.
தெளிந்துவிட்டது, என்று குழாயைப் பொருத்தினாள்.

மழை நின்றது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறு நாள் ஒன்றும் சொல்லவில்லை.
குளோடில்டி குழாயைக் கழற்றவே இல்லை;
அவள் தொட்டியில் ஒரு முழம் ஏறியிருந்தது.
குச்சியை விட்டு எடுத்து
ஈரத்தை எனக்குக் காட்டினாள்.
எங்கள் தொட்டியின் மூடியை நீக்கி எட்டிப் பார்த்தேன்:
கொசுப்புழு தின்னவென்று விட்ட
இரண்டு சின்ன மீன்கள்
ஒரு சாண் நீரில்
ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சுற்றின,
எங்களைப் போலவே.

ஏழாம் இரவு.
மணி என்ன தெரியாது.
ஆடு இல்லை, சந்தேகமே இல்லை.
அவள் அசையவில்லை; நான் போனேன்.
குழாயைப் பிடித்த கை என்னுடையதுதான்,
கழற்றியதும் அதேதான்.
நூறு எண்ணிவிட்டுப் பொருத்துவது என்று
நனைந்தபடி எண்ணினேன்.

அறுபத்து மூன்றில் ஜன்னல் திறந்தது.
"ஜுராந்திர்!
ஏழு நாளில் கூரையில் என்ன அழுக்கு சேர்ந்திருக்கும்?
பொருத்தித் தொலை!"

பொருத்தினேன்.
தொட்டிக்குள் முதல் நீர் விழுந்த சத்தம்
வெறும் வீட்டில் யாரோ இருமியது போலிருந்தது.
அப்புறம் ஆள் கூடியது.
ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன்.
விடியட்டும்,
அந்த வௌவால் இன்னும் அங்கேதான் இருக்கிறதா பார்க்கவேண்டும்.