வழுவமைதி

கேரேஜ் கதவின் அடியில்
பழைய கம்பளியைச் சுருட்டி அடைத்தும்
உள்ளே வந்துவிடுகிறது ஜனவரி.
ஏரியிலிருந்து கிளம்பிய பனி
சவுத் பெண்ட் நகரத்தின் மேல்
மூன்றாம் நாளாகக் கொட்டுகிறது.
பெஞ்சில் விரித்த செய்தித்தாளில்
சந்தை மீன்களைப் போல் அருகருகே
இரண்டு வால்வு கவர்கள்.

ஐம்பத்தாறாம் வருடத்து டிரக். வி-எட்டு எஞ்சின்.
போல்ட்டு டப்பாவுக்குள் எல்ட்ரிட்ஜின் சீட்டு:
பளபளப்பு வேண்டாம்.
தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது
எப்படி இருந்ததோ, அப்படி.

எப்படி இருந்ததோ?
பெர்னடெட் வார்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குகிறாள்.

மேலே வெள்ளி ஸ்ப்ரே.
எவனோ ஒரு பையன், சனிக்கிழமை மாலைக்காக.
அதன் கீழ் ஆரஞ்சு,
வேறு கம்பெனியின் நிறம்,
பக்கத்து வீட்டுச் சட்டை.
அதற்கும் கீழ் நீலம்,
விற்பதற்கு முந்தைய இரவின் அவசரத் தூரிகை.

மணல் பீச்சினால் தகடு நெளியும்.
ஜெல் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால்
ஒரு நிறத்தை மட்டும் எழுப்புகிறாள்
அடுத்ததன் தூக்கம் கலையாமல்.
நான்கு நாள்.

பிறகு பச்சை.
ஆனால் எந்தப் பச்சை?
சூடு பட்டது மஞ்சளித்திருக்கிறது
எண்ணெய் பட்டது கறுத்திருக்கிறது
பொய் சொல்லாத பச்சை
எண்ணெய் மூடியின் வளையத்துக்கு அடியில்
சுண்டுவிரல் நகமளவு.
அதைத்தான் கலவைக் கடைக்காரனிடம் காட்டினாள்.
அவன் கேட்டான்: "இவ்வளவுதானா?"
"இவ்வளவாவது."

அப்போதுதான் பார்த்தாள்.
வலது கவரின் பின்கோடியில்
கடைசி போல்ட்டுக்குக் கீழே
வழிந்து, விழ மனமின்றி
நின்ற இடத்திலேயே உறைந்த ஒரு சொட்டுப் பச்சை.
கொக்கியில் கவர்கள் ஆடிவர
துப்பாக்கி பிடித்தவன் தலையைத் திருப்பியிருக்கிறான்.
யார் கூப்பிட்டார்கள், தெரியாது.
அன்றைக்கும் அவனுக்குக் கூலி வந்திருக்கும்.
அது மட்டும் நிச்சயம்.

போன கோடையில் ஒரு நடுவர்
அவள் வேலைக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்.
காரணம் என்ற கட்டத்தில்: அளவுக்கு மீறிய சுத்தம்.
தொழிற்சாலை இத்தனை அக்கறையாய் இருந்ததில்லையாம்.

இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு.
பிழைதான், ஆனால் இருக்கட்டும் என்று
புலவர்கள் கையெழுத்திட்ட பிழை.

சொட்டைப் படம் எடுத்து, நூல் வைத்து அளந்து
எல்லாவற்றையும் தகடுவரை உரித்து
பிரைமர் அடித்து, புதிய பச்சை அடித்து
கடைசி போல்ட்டுக்குக் கீழே
வேண்டுமென்றே ஒரு விநாடி தாமதித்தாள்.

முதல் சொட்டு கொழுத்துவிட்டது.
இரண்டாவது பிளந்து இரு கால் முளைத்தது.
மூன்றாவது அழகாய் வந்தது,
நகைக்கடையில் தொங்கவிட்ட மாதிரி.
அதையும் துடைத்தாள்.
கவனத்தோடு கவனக்குறைவு வருமா?
தின்னர் தீர்ந்தது. தக்காளி சூப் ஆறிப்போனது.

சரி, இடது கவரையாவது முடிப்போம் என்று
பாதி அடித்திருக்கையில் போன்.
எரிவாயு பில். கட்டியாயிற்று என்று சொல்ல
திரும்பினாள். விரல் திரும்பவில்லை.

இடது கவரின் முன்கோடியில்
முதல் போல்ட்டுக்குக் கீழே
வழிந்தது.
ஹங்கேரிய மொழியில்
அவளுக்குத் தெரிந்த ஒரே வசவு.

சூப்பைச் சுடவைத்துக் குடித்தாள்.
பாதிக் கிண்ணத்தில் எழுந்து வந்தாள்.
இரண்டும் ஓரச்சு.
இடதை அரைவட்டம் சுழற்றி வலதில் வைத்தால்
முன்கோடி பின்கோடி.
முதல் போல்ட்டு கடைசி போல்ட்டு.
காய்ந்ததும் சுழற்றினாள். வைத்தாள்.
நூலை எடுத்து அளந்தாள்.
அரை அங்குலம் நீளம்.
போகட்டும், இவன் கொஞ்சம் அதிகமாய்த் திரும்பியிருப்பான்.

ஜூலை. புல்வெளி. திறந்த பானெட்டுகளின் வரிசை.
நடுவர் டார்ச்சோடு குனிந்தார்.
பச்சையைப் பார்த்தார். சொட்டைப் பார்த்தார்.
சொட்டின் மேல் வெளிச்சம் சற்று நின்றது.
எதுவும் எழுதவில்லை.

ரேடியேட்டர் குழாயின் கிளாம்ப் மட்டும்
புது மாதிரியாம்.
ஒரு மதிப்பெண் போயிற்று.