அடுத்தாள்

விண்ணப்பத்தில் பதவி என்ற கட்டத்தில்
ஃபர்ஸ்ட் ஆபீசர் என்று அடித்தேன்.
அப்படின்னா, என்றாள் ஆத்தா, வெண்டைக்காய் நறுக்கியபடி.
கேப்டனுக்குப் பக்கத்து இருக்கை என்றேன். விளங்கவில்லை.
அடுத்தாள் என்றேன்.
பினாங்குக் கடையில் அவள் பெரியப்பா
ஒன்பது வருஷம் அடுத்தாளாய் இருந்தவர்.
"சாவி யார் கையில?"
அதை மட்டும் கேட்டாள்.

இருநூற்று நான்கு மணி, பதினைந்து நிமிடம்.
பறந்த பதிவேட்டில் நீல மையில், வரிக்கு வரி கையெழுத்து.
அந்தப் பதினைந்து நிமிடம் புழுதி மூடிப் பாதியில் திரும்பியது.
அதற்கும் முழு மணிக்குத்தான் பணம் கட்டினோம்.
உள்ளூர்க் கம்பெனிகள் கேட்பது ஆயிரத்து ஐந்நூறு.
மணி உள்ளவளுக்குத்தான் மணி கொடுப்பார்கள்.
இருநூறு போதும் என்றது
கடல் தாண்டிய இந்த ஒன்றுதான்.

கட்டிலுக்கு நேர் மேலே கூரையில்
விமானியின் தலைக்கு மேலிருக்கும் பலகையின் படம்,
நாலு தாள், மைதாப் பசை.
ராத்திரி மல்லாந்து கை நீட்டி
ஒவ்வொரு சுவிட்சாய்த் தொடாமல் தொடுவேன்.
பேட்டரி ஒன்று. பேட்டரி இரண்டு.
நேற்று ஒரு பல்லி இடது எரிபொருள் பம்பில் உட்கார்ந்து
மூன்று தரம் சொன்னது.
தென்மேற்கு, என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினாள் ஆத்தா.
பலனை எனக்குச் சொல்லவில்லை.

நேர்காணல் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு.
செவ்வாய்க்கிழமை காரைக்குடியில் மாதாந்திரப் பராமரிப்பு,
ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை.
ஆகவே அப்பச்சியின் பேட்டரிக் கடை,
இன்வெர்ட்டர் வெளிச்சம், ஆசிட் நெடி,
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பட்டையில்லாத தோள்.

திரையில் மூன்று பேர். மிஸ் ஒமேயல், என்றார்கள்.
உமையாள் என்று திருத்த வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ஓர் என்ஜின் நின்றால்?
பாதி சொல்லியிருப்பேன்,
கண்ணாடியில் காசு தட்டும் சத்தம்.
"டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு லிட்டர் இருக்கா?"
கையைத் தாழ்த்திப் பொறுங்கள் என்று காட்டினேன்.
மேசைக்கடியில் கால் மட்டும்
இல்லாத சுக்கானை மிதித்துக்கொண்டே இருந்தது.

பின்னால் அடுக்கியிருப்பது என்ன?
பேட்டரிகள்.
எங்களுக்கு இரண்டுதான், என்றார் நடுவில் இருந்தவர்.
சிரித்தாரா, குறித்துக்கொண்டாரா, படம் உறைந்துவிட்டது.
திரும்பி வந்தபோது அடுத்த கேள்வி ஓடிக்கொண்டிருந்தது:
கேப்டன் தவறாக இறக்குகிறார். என்ன செய்வீர்கள்?
ஒரு தரம் சொல்வேன்.
கேட்காவிட்டால் இன்னொரு தரம்.
அப்புறம் கையை வைப்பேன்.

அன்று ராத்திரி ஆத்தாவிடம் சொன்னேன்:
சாவி அவர் கையில்தான்.
ரெண்டு தரம் சொல்லியும் கேட்கலைன்னா என் கையில்.
தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு
கொஞ்ச நேரம் கரண்டியோடு நின்றாள்.
"பெரியப்பா ஒரு தரங்கூடச் சொல்லலை" என்றாள்.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல்.
தேறிவிட்டீர்கள், வாழ்த்துகள்,
இடம் வரும்வரை பூலில் வைத்திருக்கிறோம், பன்னிரண்டு மாதம்.
பூல்னா ஊருணிதானே, என்றார் அப்பச்சி,
வங்கி அனுப்பிய தவணைச் சீட்டை மடித்துக்கொண்டே.
என் மருத்துவச் சான்று நவம்பர் பதினொன்றோடு முடிகிறது.

கால்நடைப் பண்ணைக்குள் யுத்தகாலத்து ஓடுபாதை ஒன்று கிடக்கிறது.
வெடிப்பில் கொழுஞ்சி, ஓரத்தில் வேலிக்கருவை.
காவல்காரருக்கு என்னைத் தெரியும்,
எதற்கு வருகிறேன் என்பது தெரியாது.
ஸ்கூட்டரை நடுக்கோட்டில் நிறுத்தி
அறுபதில் பிடித்தேன்.
பாதையின் மத்தியில் ஒரு வெள்ளைப் பசு.
ஓடுபாதையில் தடங்கல் என்றால் விதி தெளிவு:
இறங்காதே, சுற்றி வா.
சுற்றி வந்தேன். நின்றது.
மறுபடி சுற்றினேன். நின்றது.
பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டபோது
வாலை ஒருமுறை வீசியது,
அவ்வளவுதான்.